கரண்ட் போனால் சோலாரும் போய்விடுமா?

(கடலோர மாவட்ட மஹல்லா ஜமாஅத் நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தரப்பட்ட தலைப்பு "வீட்டுச் சோலாரும் பேட்டரியும்". அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "என்ன பாய், சமுதாயத்துக்கு வக்ஃப் பிரச்சினை இருக்கிறது, வாக்காளர் பட்டியல் பிரச்சினை இருக்கிறது. இயக்க மேடையில் நின்று பேட்டரிக் கடைக்காரர் பேச வேண்டியதைப் பேசப் போகிறீர்களே?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நாம் 2018 நவம்பருக்குப் போக வேண்டும்.

நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு நான் அதை விவரிக்கத் தேவையில்லை. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை போனது, கூரை போனது, படகு போனது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர 19 நாள் ஆயிற்று. கரண்ட் இல்லை என்றால் விளக்கு இல்லை, அவ்வளவுதானே என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கரண்ட் இல்லை என்றால் போர் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் ஹவுளில் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் எங்கள் மஹல்லாவில் ஒரு மவுத்து. மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீருக்காக நான்கு இளைஞர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டிக் கைப்பம்பு தேடிப் போனார்கள். அன்று அந்த வீட்டு வாசலில் நின்றவர்களின் முகத்தை நான் மறக்கவில்லை.

அடுத்த தெருவில் ஆஸ்துமாவில் அவதிப்படும் ஒரு மாமி. நெபுலைசர் மெஷின் இருந்தது, மருந்தும் இருந்தது. அதை ஓட்டத்தான் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வாடகையோ நாளுக்கு நாள் ஏறியது, டீசல் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒரு வீடு ஞாபகத்துக்கு வந்தது. சவூதியில் இருக்கும் ஒரு சகோதரர் தம் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருந்தார். தகடு கண்ணாடி உடையாமல் அப்படியே இருந்தது. புயல் போன பிறகு வெயிலும் நன்றாக அடித்தது. மாமியையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். பத்துப் பதினைந்து பேர் செல்போன் சார்ஜரோடு வாசலில் வந்து நின்றார்கள்.

சுவிட்சைப் போட்டால் ஒன்றுமில்லை! மாடியில் வெயில், தகட்டில் வெயில், வீட்டுக்குள் இருட்டு. வீட்டுக்காரர் எங்களைவிட அதிகம் திகைத்துப் போனார். சோலார் மாட்டிக் கொடுத்த ஆள் இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மாமியை மோட்டார் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார்.

அன்று எனக்குள் விழுந்த கேள்விதான் இன்றைய பேச்சு. கரண்ட் போனால் சோலாரும் போய்விடுமா?

லைன்மேனின் உயிர்

நம் ஊர்களில் மாட்டப்படும் வீட்டுச் சோலாரில் பெரும்பாலானவை மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை. பகலில் வீட்டுக்கு வேண்டியது போக மிச்சம் கம்பியில் ஏறிப் போகிறது. இரவில் கம்பியிலிருந்து நாம் வாங்கிக்கொள்கிறோம். இருவழி மீட்டர் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கம்பியில் கரண்ட் நின்ற மறுநொடியே அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நின்றாக வேண்டும் என்பது விதி. கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்நேரம் உங்கள் மாடியிலிருந்து கம்பிக்குக் கரண்ட் போனால் அவர் உயிர் போகும். ஆகவே இதைக் கோளாறு என்று யாரும் கம்பெனியோடு சண்டைக்குப் போகாதீர்கள். சொல்லாமல் விற்றார்களே, அதற்குச் சண்டை போடுங்கள்.

நல்ல நாளில் மின்வாரியமே நமக்குப் பேட்டரி. கெட்ட நாளில் அந்தப் பேட்டரி இருக்காது. கெட்ட நாளுக்கும் வெளிச்சம் வேண்டுமானால் வீட்டுக்குள் ஒரு பேட்டரி இருக்க வேண்டும். அதோடு, கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு தனியாக ஓடத் தெரிந்த இன்வெர்ட்டரும் வேண்டும். கடையில் அதை ஹைபிரிட் என்பார்கள். கம்பியோடு சம்பந்தமே இல்லாமல் தகடும் பேட்டரியுமாகத் தனியே ஓடுவது ஆஃப் கிரிட். வாங்கப் போகிறவர் இந்த இரண்டு சொல்லையும் தெரிந்துகொண்டு போனால் போதும். "கரண்ட் போனால் ஓடுமா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பக்கத்து இலங்கையில் நடந்ததையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. ஆலைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடக்க, வெயில் மட்டும் கொளுத்தியது. கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகல் மூன்று மணி வரை அதை நிறுத்தி வைக்கும்படி அந்நாட்டு மின்சார சபை கேட்டுக்கொண்டது. வாங்க ஆளில்லாமல் பகல் மின்சாரம் மிஞ்சியது. பொழுது சாய்ந்தால் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, சூரியனோ போய்விட்டது. பகலின் மிகுதியை இரவின் தேவைக்கு எடுத்து வைக்க வழியில்லாவிட்டால், ஒரு நாட்டுக்கும் இந்தத் திண்டாட்டம்தான்.

கதிரோடு விட்ட தானியம்

இது நமக்குப் புதிய பாடமா? யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். மிஸ்ர் நாட்டு மன்னரின் கனவுக்கு அவர்கள் விளக்கம் சொன்னார்கள். ஏழாண்டு நல்ல விளைச்சல், அதற்குப் பிறகு ஏழாண்டு பஞ்சம். உண்பதற்கு வேண்டிய கொஞ்சத்தைத் தவிர மற்றதைக் கதிரோடு விட்டு வைக்கும்படி வழி காட்டினார்கள். இங்கே விவசாயக் குடும்பத்தவர்கள் இருக்கிறீர்கள். கதிரில் இருக்கும் மணி சீக்கிரம் கெடாது என்பது உங்களுக்குத் தெரியும். சேமியுங்கள் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. எப்படிச் சேமித்தால் கெடாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

அந்தக் களஞ்சியம் யாருக்குத் திறந்தது? பஞ்சத்தில் கன்ஆனிலிருந்து வந்த சகோதரர்களுக்கும் திறந்தது. தம்மைக் கிணற்றில் தள்ளியவர்களுக்கும் தானியம் அளந்து கொடுத்தார்கள். சேமிப்பும் பதுக்கலும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே பேட்டரியைப் பற்றியும் இரண்டு கேள்வி. எப்படி வைத்தால் கெடாது? யாருக்குத் திறக்கும்?

பேட்டரியின் கணக்கு

முதல் கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பகுதி வெயிலில் 1 கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும். மழை நாளில் மிகவும் குறையும். இன்வெர்ட்டருக்கு நாம் வாங்கும் சாதாரண டியூபுலர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர். பெருக்கினால் 1,800, அதாவது 1.8 யூனிட். ஆனால் ஈயப் பேட்டரியை அடிமட்டம் வரை வற்ற விட்டால் ஆயுள் போய்விடும். பாதியோடு நிறுத்துவதுதான் நல்லது. ஆக, கையில் உள்ளது 0.9 யூனிட்.

இந்த 0.9 யூனிட்டில் ஒரு குடும்பம் ஓர் இரவைக் கழிக்கலாமா? பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். பேட்டரி பாங்குக்கு முன்பே கையை விரித்துவிடும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட்தான். அது இரண்டும் எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டைத் தாண்டாது. நான்கு எல்இடி விளக்கு ஐந்து மணி நேரத்துக்கு 0.2 யூனிட்டுக்குள். செல்போன்களுக்குக் கொஞ்சம். ஒரு பேட்டரியிலேயே இரவு கழிந்துவிடுகிறது. இரண்டாவது பேட்டரி வாங்கும் முன் விசிறியை மாற்றுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். ஏசியைப் பற்றிக் கேட்காதீர்கள். ஏசிக்குப் பேட்டரி வாங்குவது பணக்காரர் விஷயம். அதைப் பேச இந்த மேடை வேண்டாம்.

இன்னொரு கணக்கு. 150 ஆம்பியர் பேட்டரி இன்று 15 ஆயிரம் ரூபாய் அளவில் விற்கிறது. பாதி வரை இறக்கி ஏற்றினால் 1,200 தடவை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 1,200 தடவையும் 0.9 யூனிட் என்றால் மொத்தம் 1,080 யூனிட். வகுத்துப் பாருங்கள், ஒரு யூனிட்டைச் சேமித்து எடுக்க 14 ரூபாய் ஆகிறது. தமிழகத்தில் வீடுகளுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரை மின்சாரம் இலவசம். அதற்கு மேலும் நடுத்தரக் குடும்பத்துக்கு மின்வாரிய விலை இதைவிடக் குறைவு. "பேட்டரி வாங்கினால் மின்கட்டணம் மிச்சம்" என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கட்டணத்தை மிச்சம் பிடிப்பது தகட்டின் வேலை. பேட்டரியை இருட்டுக்கும் தண்ணீருக்கும் மருந்துக்கும் வாங்குகிறோம்.

லித்தியம் பேட்டரி விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் எண்பது சதவீதம் வரை தாராளமாக இறக்கலாம். 3,000 தடவைக்கு மேல் தாங்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமிலம் இல்லை. நீண்ட கணக்கில் அதுவே மலிவு. அதிலும் வீட்டுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். சூட்டை அதிகம் தாங்கும், தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு. யாரோ பழைய வண்டிப் பேட்டரிகளைப் பிரித்து ஒட்டித் தரும் மலிவுச் சரக்கை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

ஈயப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். அதைப் படுக்கையறையில், காற்றில்லாத அலமாரியில் வைக்கக் கூடாது. வெயில் படும் மொட்டை மாடியிலும் வைக்காதீர்கள், சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும். 2015 வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் தரைத்தளத்து இன்வெர்ட்டர்கள் தண்ணீருக்குள் போயின. கடலோர ஊர்க்காரர்கள் நாம்; தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்காவது மேடை கட்டி வையுங்கள்.

இன்னும் ஒன்று. 2012-ல் சென்னைக்கு வெளியே 12 மணி, 14 மணி நேரம் கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போது வாங்கிய இன்வெர்ட்டர் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே இன்னும் இருக்கிறது. அது கம்பியிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. நாலு மணி நேர மின்தடைக்கு அது போதும். புயலுக்குப் போதாது, முதல் இரவோடு தீர்ந்துவிடும். அதே பேட்டரிக்கு மாடியில் இரண்டு தகடும் இடையில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும் வைத்தால், தினம் தினம் வெயில் அதை நிரப்பித் தரும். இரண்டாம் இரவும் உண்டு, பத்தாம் இரவும் உண்டு. தகட்டின் வோல்ட்டும் பேட்டரியின் வோல்ட்டும் பொருந்துகிறதா என்பதை மட்டும் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லும் வியாபாரியிடம் அவசரப்படாதீர்கள்.

லெபனான் சொல்வது, காஸா சொல்வது

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யாருக்குத் திறக்கும்?

லெபனானில் பொருளாதாரம் சரிந்தது. 2021 அக்டோபர் 9 அன்று எரிபொருள் இல்லாமல் நாட்டின் இரு பெரிய மின் நிலையங்களும் நின்று, அரசு மின்சாரம் முழுவதுமாக அணைந்தது. அதற்குப் பிறகு அந்த மக்கள் அரசை நம்பாமல் கூரைக்கு ஏறினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் கூரைச் சோலார் ஆயிரம் மெகாவாட் அளவை எட்டியது. கம்பியில் கரண்ட் இல்லாததால் அங்கே தகடு போட்டவர்கள் பேட்டரியும் சேர்த்தே போட்டார்கள். கேட்கப் பெருமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் கூரை ஏறியவர்கள் யார்? வெளிநாட்டிலிருந்து டாலர் வரும் குடும்பங்கள், நகையை விற்க முடிந்தவர்கள். அதுவும் இல்லாதவர்கள் தெரு ஜெனரேட்டர்காரரின் கட்டணத்துக்குக் கைகட்டி நின்றார்கள், அல்லது இருட்டில் இருந்தார்கள். ஒரே கட்டடத்தில் மேல்மாடியில் வெளிச்சம், கீழ்மாடியில் மெழுகுவர்த்தி. அவரவர் தனித்தனியாகச் சேமித்தால் இதுதான் முடிவு. வளைகுடாப் பணம் வரும் வீடும் வராத வீடும் ஒரே தெருவில் இருக்கும் நம் ஊர்களுக்கு இந்தப் பாடம் நன்றாகப் பொருந்தும்.

காஸாவைச் சொல்லாமல் மின்சாரத்தைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. அங்கிருந்த ஒரே மின் நிலையத்தை 2006 ஜூனில் இஸ்ரேல் குண்டு போட்டு முடக்கியது. 2017-ல் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் கரண்ட் கிடைத்தாலே அதிகம் என்ற நிலை. முற்றுகைக்குள் அடைபட்ட அந்த மக்கள் வீட்டுக் கூரைகளில் தகடுகளைப் பதித்தார்கள். உலகத்திலேயே கூரைச் சோலார் மிக நெருக்கமாக இருந்த இடங்களில் ஒன்றாகக் காஸா ஆனது. 2023 அக்டோபரில் வெளிக் கம்பி துண்டிக்கப்பட்டது. 11-ஆம் தேதி எரிபொருள் தீர்ந்து மின் நிலையமும் நின்றது. 2025 மார்ச் 9 அன்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குப் போன கம்பியையும் துண்டிக்க உத்தரவிட்டார்கள். அந்த நாட்களில் இடிபாடுகளுக்கு இடையே ஒரு தகட்டையும் பழைய கார் பேட்டரியையும் வைத்துக்கொண்டு தெருவுக்கே போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் போனில்தான் தன் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று தாய் கேட்டாள். நமக்கு வந்தது புயல். அவர்களுக்கு மனிதனே வேண்டுமென்று கரண்டை நிறுத்தினான். இரண்டையும் ஒப்பிடுவது பெரும் பிழை, நான் ஒப்பிடவில்லை. தெருவுக்கு நடுவில் வைத்த ஒரு பேட்டரி என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பள்ளிவாசல் மாடி

ஒவ்வொரு ஊரிலும் பெரிய மாடி எது? பள்ளிவாசல் மாடி. பூட்டாத கதவு எது? அதுவும் பள்ளிவாசல்தான். ஐந்து வக்தில் ஃபஜ்ரும் மஃரிபும் இஷாவும் வெயில் இல்லாத வக்துகள். தகடு மட்டும் போட்டால் ளுஹருக்கும் அஸருக்கும்தான் உதவும்.

ஆனாலும் பள்ளிவாசலுக்கு முதலில் நான் சொல்வது பேட்டரி அல்ல. மேல்நிலைத் தொட்டி! ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 750 வாட். கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதைப் பேட்டரியில் ஓட்ட நினைத்தால் பெரிய இன்வெர்ட்டர், பெரிய பேட்டரி, பெரிய செலவு. அதற்குப் பதிலாகத் தகட்டிலிருந்து நேரே ஓடும் சோலார் பம்பை வைத்துப் பகல் வெயிலிலேயே தண்ணீரை மேலே ஏற்றிவிடுங்கள். இரவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும். வெயில் தண்ணீராக மாடியில் இருக்கிறது. பழுதாகாத, அமிலம் ஊற்றாத, மலிவான பேட்டரி அதுதான். ஒளுவுக்கும் ஆகும், தெருவுக்கும் ஆகும், மய்யித்துக்கும் ஆகும்.

தண்ணீரை இப்படிப் பிரித்துவிட்டால் பேட்டரியின் வேலை சிறியதாகிவிடும். நாலு விளக்கு, பாங்குக்கு மைக், போன் சார்ஜ் போட ஒரு வரிசைப் பிளக், இன்சுலின் வைக்க ஒரு சிறிய குளிர்பெட்டி. நெபுலைசர் கால் மணி நேரம்தான் ஓடும், மிகக் குறைந்த மின்சாரம். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் நோயாளி இருந்தால் கணக்கு வேறு. அது மணிக்கு முந்நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும், இரவெல்லாம் ஓட வேண்டும். அப்படி எத்தனை பேர் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எந்த ஜமாஅத்திடம் இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். (இருவர் கை தூக்கினர்.) நாற்பது ஜமாஅத்தில் இரண்டு. திருமணப் பதிவேட்டை எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறோம்! இதையும் அப்படி வைக்க முடியாதா?

அந்தப் பிளக் வரிசை முஸ்லிம் வீட்டுப் போனுக்கு மட்டுமா? கஜாவின்போது மீனவக் குப்பத்துச் சகோதரர்கள் நம் பள்ளிகளுக்கு வந்தார்கள், நம் பிள்ளைகள் அவர்கள் குப்பத்துக்கு அரிசி கொண்டு போனார்கள். யூசுஃப் நபி (அலை) அவர்களின் களஞ்சியத்தைப் பற்றி முன்பே பேசிவிட்டேன்.

பணம் எங்கிருந்து?

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் கொண்டு வந்த வீட்டுச் சோலார் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் மொத்தம் 78 ஆயிரம் ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். நம் வரிப்பணம், தயங்காமல் வாங்குங்கள். ஆனால் அந்த மானியம் தகட்டுக்கு. பேட்டரிக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. மீதிப் பணத்துக்கு வங்கிக் கடன் உண்டு என்கிறார்கள், அது வட்டிக் கடன். வட்டிக்கு அஞ்சி நம் நடுத்தரக் குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. மானியமும் கை நழுவிப் போகிறது. இங்கேதான் பைத்துல்மால் வர வேண்டும். மானியம் சோலார் மாட்டி முடித்த பிறகுதான் கணக்கில் வருகிறது. அதுவரைக்கும், மீதித் தொகைக்கும், வட்டியில்லாத கடன் கொடுங்கள். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையையே தவணையாகத் திருப்பிக் கட்டட்டும். திரும்பி வரும் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும்.

பள்ளிவாசல் பேட்டரிக்கு ஜகாத் பணத்தை எடுக்கலாமா என்று ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர். பள்ளிவாசலின் கட்டடமும் கருவியும் அதில் வராது என்பதுதான் நம் பகுதி உலமாக்கள் பொதுவாகச் சொல்வது. ஸதகாவாகக் கொடுங்கள். ஏழை நோயாளி ஒருவருக்கு அவர் உடைமையாகவே பேட்டரி வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம். அதை ஹஜ்ரத் அவர்கள் சொல்வார்கள். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வந்தவன் அல்ல.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. வீட்டில் உயிர் காக்கும் மெஷின் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பேட்டரிக்கும் மானியம் கொடு. புயல் அடிக்கும் மாவட்டங்களில் நிவாரண மையமாகப் பயன்படும் பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், வழிபாட்டுத் தலம் எல்லாவற்றுக்கும் கொடு. இதில் மதம் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியருக்கும், நாம் வாக்களித்து அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கொடுக்கப் போகிறோம்.

காயலான் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய இரும்பு வியாபாரத்தில் நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம். காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்தாரை வைத்து வந்தது என்பார்கள். செத்த பேட்டரி கடைசியில் அங்கேதான் வருகிறது. உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, கொல்லையில் ஈயத்தை உருக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஈயப் புகையும் தூசியும் முதலில் போவது அந்தக் கொல்லையில் விளையாடும் குழந்தையின் உடம்புக்கு. மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், போனது திரும்பாது. அந்தக் குழந்தை வேறு யாருடைய குழந்தையும் அல்ல, கடைக்காரரின் குழந்தைதான். மகனைப் படிக்க வைக்கத்தானே பாய் நீங்கள் அந்தத் தொழில் செய்கிறீர்கள்?

பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ல் விதியே வந்துவிட்டது. உடைக்காமல், அமிலத்தோடு முழுதாக, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புங்கள். கொடுப்பவர்களும், நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று கண்ட இடத்தில் கொடுக்காமல், புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வாசலில் இளைஞர் அணித் தம்பிகள் ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் நான்கு விவரம் மட்டும் எழுதித் தர வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் ஆபத்துக்குள்ளாகும் நோயாளிகள் எத்தனை பேர். பள்ளிவாசல் மாடியில் நிழல் விழாத இடம் எவ்வளவு. மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர். மஹல்லாவில் எலக்ட்ரீஷியன் தெரிந்த இளைஞர்கள் யார் யார். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அந்த எலக்ட்ரீஷியன் தம்பிகளை ஓரிடத்தில் கூட்டி இரண்டு நாள் பயிற்சி கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. சாப்பாட்டுச் செலவை யார் ஏற்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அதையும் அந்தத் தாளிலேயே எழுதலாம்.